கடைக்கு இணையதளம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கல்யாண விருந்துக்குப் பண்டாரியிடம் போய், "சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டால் அவர் தொகை சொல்ல மாட்டார். எத்தனை சஹன், ஆட்டுக்கறியா கோழியா, அரிசியை யார் வாங்கித் தருவது, பாத்திரம் யாருடையது என்று திருப்பிக் கேட்பார். எல்லாம் சொன்ன பிறகுதான் ஒரு கணக்கு வரும். ஆனால் கடைக்கு இணையதளம் என்று வந்தால், பத்து இடத்தில் விசாரித்துச் சரக்கெடுக்கும் வியாபாரிகள்கூட ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: "வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?"

ஒருவர் 5,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 35,000 என்கிறார். ஒரு கம்பெனி ஒன்றரை லட்சத்துக்குக் கொட்டேஷன் அனுப்புகிறது. மூவரில் யாரும் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்கிறார்கள், அவ்வளவுதான். நாம் என்ன கேட்கிறோம் என்பதை நாமே எழுதிக் கொடுக்காததால், அவரவர் மனதில் உள்ள இணையதளத்துக்கு அவரவர் விலை போடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து திரும்பி, சேர்த்த பணத்தில் ஊரில் சிறு தொழில் தொடங்கும் சகோதரர்களையும், வீட்டிலிருந்தே துணி, பாய், தின்பண்டம் விற்கும் சகோதரிகளையும் மனதில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. கணினி அறிவு தேவையில்லை. கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில், தேவைதானா?

செலவைக் குறைக்கச் சிறந்த வழி, தேவையில்லாததை வாங்காமல் இருப்பதுதான். உங்கள் வாடிக்கையாளர் எல்லாரும் கடையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பவர்கள் என்றால், இணையதளத்துக்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது. இது முற்றிலும் இலவசம். கடை திறக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள் எல்லாவற்றையும் நாமே ஏற்றலாம். இரண்டு, வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. அதில் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கும் கேட்டலாக் வசதி இருக்கிறது. அதுவும் இலவசம். டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் இவ்விரண்டும் தாராளமாகப் போதும். இவர்களுக்கு இணையதளம் விற்க வருபவர்களை இன்முகத்தோடு அனுப்பி வைக்கலாம்.

ஆனால் இலவச இடத்தில் ஒரு குறை உண்டு. இடம் நம்முடையதல்ல. கூகுள் நிறுவனம் சிறு கடைகளுக்கு இலவசமாக ஒரு பக்க இணையதளம் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அந்த வசதியை நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் கேரி பேக்கிலும் அச்சடித்து வைத்திருந்தவர்களுக்கு அவை வீணாயின. வெளியூர், வெளிமாநில வாடிக்கையாளரை எதிர்பார்க்கும் தொழிலுக்கும், ஒருமுறை வாங்கியவர் பெயரை நினைவில் வைத்துத் தேடி வர வேண்டிய பொருளுக்கும் சொந்த முகவரி தேவைப்படுவது இதனால்தான்.

மூன்று பைகள்

இணையதளத்தின் செலவு மூன்று பைகளிலிருந்து போகிறது. முதல் பை, செய்து முடிப்பதற்கான கூலி. கொட்டேஷனில் பெரும்பாலும் இது மட்டுமே இருக்கும். இரண்டாவது பை, உள்ளே வைக்க வேண்டிய சரக்கு: படங்கள், பொருள் விவரம், கடையைப் பற்றிய எழுத்து. இதைக் கடைக்காரர் தருவார் என்று டெவலப்பரும், டெவலப்பரே போட்டுக்கொள்வார் என்று கடைக்காரரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பாதி இணையதளங்கள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் அனுபவம். மூன்றாவது பை, வருடா வருடம் கட்ட வேண்டியது: டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு. இந்த மூன்றாவது பையை மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் முதல் பையை மிஞ்சிவிடும். எனவே விலை கேட்கும்போதே மூன்று வருடக் கணக்காகக் கேட்பது நல்லது.

பத்தமடைப் பாய்க் கடை

பொதுவாகப் பேசினால் விளங்காது. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள பத்தமடை, கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். நம் பெண்கள் பலர் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் பாய் அது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அங்கே ஒருவர் கடை வைத்திருக்கிறார், 30 வகைப் பாய்களை நாடு முழுவதும் இணையத்தில் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவர் கற்பனைக் கடைக்காரர்தான். கீழே வரும் கூலியும் கணக்கு காட்டுவதற்காக வைத்துக்கொண்ட தொகையே. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைக்கு என்ன வேண்டும்? சாதாரணப் பாய்களைப் பார்த்து, தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் வசதி வேண்டும். கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவது பத்தமடையின் சிறப்பு. எனவே ஆர்டர் போடும்போது பெயர்களையும் திருமணத் தேதியையும் கேட்டு வாங்கும் கட்டங்கள் வேண்டும். தேதிக்கு இத்தனை நாள் முன்னதாகத்தான் ஆர்டர் ஏற்கப்படும் என்றும், பெயர் நெய்த பாயைத் திருப்பி எடுக்க முடியாது என்றும் தெளிவாகக் காட்ட வேண்டும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் யார் பொறுப்பு என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது கூரியர். பாய் எடை குறைவு, ஆனால் நீளம். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணைப் பரும எடையாக எடுத்துக்கொள்வது பரவலான முறை. நிஜ எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். சுருட்டிய பாய் 120 சென்டிமீட்டர் நீளம், 10-க்கு 10 கனம் என்றால் 12,000-ஐ 5,000-ஆல் வகுத்து 2.4 கிலோ வருகிறது. பாயின் நிஜ எடை ஒன்றேகால் கிலோ என்றாலும் கூரியர்காரர் கணக்கில் அது 2.4 கிலோதான். இதைக் கவனிக்காமல் இணையதளத்தில் நிஜ எடையைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு பாயிலும் கூரியர் வித்தியாசம் கடைக்காரர் தலையில் விழும். இப்படிப்பட்ட விஷயத்தை டெவலப்பர் கேட்க மாட்டார், அவருக்குப் பாய் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி வேலையை நாள்களாகப் பிரிப்போம். பேசித் திட்டமிட 1 நாள். வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளையும் அதன்மேல் கடை நடத்தும் வூகாமர்ஸ் செருகுநிரலையும் நிறுவி, தோற்றத்தைச் சரிசெய்ய 2 நாள். முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்பு, விதிமுறைகள் ஆகிய பக்கங்களுக்கு 2 நாள். 30 பொருளை ஏற்ற, ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 10 மணி நேரம். திருத்தத்தையும் சேர்த்து ஒன்றரை நாள். கல்யாணப் பாய்க் கட்டங்களுக்கு 1 நாள், கூரியர் கட்டணத்துக்கு 1 நாள், பணம் கட்டும் வசதியை இணைத்துச் சோதிக்க 1 நாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும் என்றால் 2 நாள் கூடுதல். மொபைலில் சரிபார்த்துத் திருத்த 2 நாள். கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள். மொத்தம் 14 நாள். நாளுக்கு 2,500 ரூபாய் கூலி என்றால் 35,000 ரூபாய். செய்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீதமாக 6,300 சேர்ந்து 41,300.

இரண்டாவது பை: ஒரு நாள் போட்டோகிராபருக்கு 6,000. 30 பொருளுக்கும் இரு மொழியில் விவரம் எழுத, ஒன்றுக்கு 150 வீதம் 4,500. ஆக 10,500.

மூன்றாவது பை: டொமைன் 1,200, ஹோஸ்டிங் 5,000, பராமரிப்பு மாதம் 1,000 வீதம் 12,000. வருடத்துக்கு 18,200. மூன்று வருடத்துக்கு 54,600.

மூன்றையும் கூட்டினால் 1,06,400 ரூபாய். "35,000 ரூபாய் வெப்சைட்" மூன்று வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை. இதுதான் அதன் உண்மை விலை. 36 மாதத்தால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 2,956 ரூபாய்.

இப்போது கடைக்காரர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வருகிறது. எல்லாச் செலவும் போக ஒரு பாயில் 250 ரூபாய் நிற்கிறது என்றால், மாதம் 12 பாய் இணையதளத்தின் மூலம் கூடுதலாக விற்றால்தான் போட்ட பணம் சமமாகும். ஏற்கெனவே போனில் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது இணையதளத்தில் கொடுத்தால் அது கூடுதல் விற்பனை ஆகாது. 12 பாய் விற்கும் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது என்றால், சிறிதாகத் தொடங்க வழி இருக்கிறது. பணம் கட்டும் வசதி இல்லாமல், நான்கைந்து பக்கம், நல்ல படங்கள், ஒவ்வொரு படத்துக்குக் கீழும் வாட்ஸ்அப் பொத்தான். இது 5 நாள் வேலை, 12,500 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனிநபரிடம் கொடுத்தால் அவ்வளவுதான். படங்களுக்கு 6,000. வருடத்துக்கு டொமைன் 1,200, சிறிய ஹோஸ்டிங் 3,000, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் பராமரிப்பு என 5,000, ஆக 9,200. மூன்று வருடத்துக்கு 27,600. மொத்தம் 46,100, மாதத்துக்கு 1,281. மாதம் ஆறு பாய் விற்றால் போதும். ஒரு வருடம் இதை ஓட்டிப் பார்த்து, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி மாளவில்லை என்ற நிலை வந்தால் பெரிதாக்கலாம். என்னைக் கேட்டால் பத்தில் எட்டுக் கடைகளுக்கு இரண்டாவது வழியையே சொல்வேன்.

டொமைன் யார் பெயரில்?

மூன்றாவது பையில் இருப்பதிலேயே மலிவானது டொமைன். இழந்தால் அதிக நஷ்டம் தருவதும் அதுதான். டொமைன் என்பது உங்கள் இணைய முகவரி. டாட் காம், டாட் இன் போன்றவற்றில் சாதாரணப் பெயர் ஒன்று வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வருடக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். குத்தகை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முகவரிக்கு உரியவர்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடையில் நடந்தது இது. இணையதளம் செய்து கொடுத்த பையன் நல்லவன்தான். டொமைனைத் தன் கணக்கிலேயே, தன் மின்னஞ்சலிலேயே எடுத்துவிட்டான். அப்படிச் செய்தால் அவனுக்கு வேலை சுலபம். இரண்டு வருடம் கழித்து வேலை கிடைத்து வெளிநாடு போனான், எண்ணும் மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவன் பார்க்காத பெட்டியில் விழுந்தன. ஒருநாள் கடையின் முகவரியைத் தட்டினால் வேறு ஏதோ விளம்பரப் பக்கம் வந்தது. பெயர்ப்பலகை, பில் புத்தகம், கேரி பேக் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் மாற்றி அச்சடித்தார்கள்.

டாட் காம் முகவரி காலாவதியான அன்றே போய்விடுவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க அவகாசம் கிடைக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அதில் மீட்கலாம், ஆனால் அபராதம் போலப் பெரிய கட்டணம் கேட்பார்கள். கடைசியாக 5 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகு உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த அவகாசத்தை நம்பியும் இருக்க முடியாது. காலாவதியான பெயரை இடையிலேயே ஏலம் விடும் நிறுவனங்கள் உண்டு.

எனவே டொமைனை நீங்களே, உங்கள் மின்னஞ்சலில், உங்கள் தொலைபேசி எண்ணில், உங்கள் கார்டில் வாங்குங்கள். கால் மணி நேர வேலை. வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், பிள்ளையின் பெயரில் வேண்டாம். டெவலப்பருக்குத் தேவையான அனுமதியைப் பிறகு கொடுக்கலாம். "டொமைன் ஃப்ரீ சார், நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று சொன்னால், யார் பெயரில் என்று கேளுங்கள்.

ஹோஸ்டிங்கும் மற்ற சில்லறைகளும்

ஹோஸ்டிங் என்பது இணையதளம் குடியிருக்கும் வாடகை இடம். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள விலை முதல் தவணைக்கு மட்டும். புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவது சாதாரணம். புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று தேடிப் பார்த்து அதைக் கணக்கில் எழுதுங்கள்.

இணையதளத்தின் பாதுகாப்புக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் உலாவி பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இச்சான்றிதழை இலவசமாகவே தருகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தானாகவே இணைத்துக் கொடுக்கின்றன. சிறு கடையின் கொட்டேஷனில் எஸ்எஸ்எல்லுக்கு ஆயிரக்கணக்கில் தொகை போட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

வேர்ட்பிரஸ் இலவசம் என்றாலும், அதன்மேல் போடும் சில தோற்ற அமைப்புகளுக்கும் செருகுநிரல்களுக்கும் வருடச் சந்தா உண்டு. அது யார் செலவு, எந்தெந்த மென்பொருள் என்று எழுதி வாங்குங்கள். திருட்டுப் பிரதியைப் போட்டு விலையைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய பிரதிகளில் வைரஸ் கலந்திருப்பது சகஜம். வாடிக்கையாளர் பாய் வாங்க வந்தால் சூதாட்டத் தளத்துக்கு இழுத்துச் செல்லும்.

பராமரிப்புக்கு மாதம் ஆயிரமா என்று கேட்பவர்கள் உண்டு. மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும்போது ஏற்ற வேண்டும், வாரம் ஒருமுறை நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும், ஆர்டர் மின்னஞ்சல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கற்றுக்கொண்டு நீங்களே செய்தால் அந்தப் பணம் மிச்சம். யாரும் செய்யாமல் விட்டால் மட்டும் மிச்சமாகாது.

"கூகுளில் முதல் இடத்தில் கொண்டு வருகிறோம், வருடத்துக்கு இவ்வளவு" என்று போன் வரும். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. இந்தத் தொகையைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

படமும் எழுத்தும்

கூகுளில் தேடி எடுத்த படங்களைப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் படத்துக்கு உரியவர் இருக்கிறார். அதுமட்டுமல்ல, வேறு யாரோ நெய்த பாயின் படத்தைக் காட்டி உங்கள் பாயை அனுப்பினால் வாங்கியவர் சும்மா இருக்க மாட்டார். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியை விரித்து மொபைலிலேயே எடுத்த படம்கூட இதைவிட மேல். அப்படி எடுத்தால் நம் உதாரணத்தில் 6,000 ரூபாய் குறையும்.

தமிழில் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய நோட்டீஸ், கையேடு ஆகியவற்றின் கோப்பை டிடிபி கடையிலிருந்து வாங்கி அப்படியே கொடுத்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். இணையத்துக்கு யூனிகோடு வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். மொபைலில் யூனிகோடில் நேரடியாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் இந்தச் செலவே இல்லை.

பணம் வாங்கும் வழியும் வரியும்

இணையதளத்தில் கார்டு, நெட்பேங்கிங் வழியாகப் பணம் வாங்க பேமெண்ட் கேட்வே நிறுவனம் ஒன்று வேண்டும். சேர்வதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஒவ்வொரு விற்பனையிலும் 2 சதவீதம் அளவில் எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 1,200 ரூபாய்ப் பாயில் 24 ரூபாயும் 4 ரூபாய் 32 காசும், ஆக 28 ரூபாய் 32 காசு. சிறு தொகைதான், ஆனால் லாபத்திலிருந்து போகிறது. இணைக்கும் முன் அந்நிறுவனம் உங்கள் தளத்தில் தொடர்பு முகவரி, பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். எனவே அவற்றை எழுதும் வேலையும் கொட்டேஷனுக்குள் இருக்க வேண்டும்.

பலர் மறப்பது வரியை. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாநிலத்துக்குள் விற்பவருக்கு. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. சில கைவினைப் பொருள்களுக்கு இதில் தளர்வு உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாது. எனவே "இந்தியா முழுவதும் டெலிவரி" என்று எழுதச் சொல்வதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாதாரணத் திட்டத்தில் பதிவு பெற்றவர் என்றால், டெவலப்பருக்குக் கொடுத்த 6,300 ரூபாய் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு முறையான பில் வேண்டும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

பணம் கொடுத்துவிட்டோம், இணையதளம் நம்முடையது என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. அதை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் வேறு. வெளியாள் ஒருவர் கூலிக்கு எழுதித் தந்த நிரல், அவர் கையெழுத்திட்டு எழுத்து மூலம் மாற்றித் தந்தால்தான் உங்களுடையதாகும். அப்படி எழுதும்போதும் கவனம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு வைத்துக்கொள்ளும். போட்டோ விஷயத்தில் சட்டம் நம் பக்கம். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர்.

வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளின் உரிமை யாராலும் நமக்குத் தர முடியாதது, அது தேவையும் இல்லை. நமக்காகத் தனியாக எழுதிய நிரல், வடிவமைப்பு, லோகோ ஆகியவற்றுக்குத்தான் இந்த வரி. "எனக்காகச் செய்த வடிவமைப்பு, நிரல், படங்கள் ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும் எனக்கு மாற்றித் தரப்படுகிறது" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அதே தாளில் எத்தனை பக்கம், எத்தனை பொருள், எத்தனை சுற்றுத் திருத்தம், என்றைக்குள் முடியும், தாமதமானால் என்ன என்பதையும் எழுதுங்கள். திருத்தத்துக்கு எண்ணிக்கை வைப்பது டெவலப்பருக்கும் நியாயம். "அந்த நிறத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்" என்று இருபது முறை சொல்லும் கடைக்காரர்களால் சிரமப்பட்ட பையன்களையும் எனக்குத் தெரியும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு: தொடங்கும்போது 30 சதவீதம், நீங்கள் பார்த்து ஒப்புக்கொள்ளும் மாதிரி வந்ததும் 40, எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு 30.

ஒப்படைப்பது என்றால், தளத்தின் நிர்வாகிக் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, முழு நகல் ஒன்று, படங்களின் மூலக் கோப்புகள், வாங்கிய மென்பொருள்களின் உரிமச் சாவிகள். இவை கைக்கு வந்ததும் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பிறகு, வேறொருவர் மொபைலில் உங்கள் தளத்தைத் திறந்து ஒரு பாயை ஆர்டர் செய்து பாருங்கள். பணம் வங்கிக்கு வந்து, ஆர்டர் மின்னஞ்சல் உங்களுக்கு வந்த பிறகு கடைசி 30 சதவீதத்தைக் கொடுக்கலாம். டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் முடியும் தேதிகளைக் கடைச் சுவரில் உள்ள காலண்டரில், ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள்.